பட்டம் காக்கும் பெரியோர்க்கு ஒரு பாராட்டு

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த அன்றைக்கே ஒரு வீட்டுத் திண்ணையில் எத்தனை நல்ல உள்ளங்கள் கூடிவிடுகின்றன! தாய்மாமன் வருகிறார். பெரியப்பா வருகிறார். எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற அலுவலர் வருகிறார். எந்தக் கல்லூரியிலும் "நமக்குத் தெரிஞ்ச ஆள்" ஒருவரை வைத்திருப்பவரும் வருகிறார். பையன் 600-க்கு 380 வாங்கியிருக்கிறான். கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறியிருக்கிறான். ஆனால் மிக்சி நின்றுபோனால் கழற்றிப் பார்த்து, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். தெருவில் யார் வீட்டு மோட்டார் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றாலும் கெபாசிட்டரை மாற்றி ஓட வைத்துவிடுவான். அவன் தயங்கித் தயங்கி, "மாமா, நான் ஐ.டி.ஐ.ல எலக்ட்ரீஷியன் சேரலாம்னு..." என்று ஆரம்பிக்கிறான். அவன் பேசி முடிக்கவில்லை. அதற்குள் நான்கு பேரும் ஒரே குரலில் அவனைக் காப்பாற்றிவிடுகிறார்கள்.

இந்தப் பெரியவர்களைப் பாராட்டி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அவர்கள் செய்வது சிறிய காரியமா? ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டுகளையும் அந்தக் குடும்பத்தின் பத்தாண்டுச் சேமிப்பையும் காபி ஆறுவதற்குள் தீர்மானித்துவிடும் ஆற்றல் எல்லோருக்கும் வாய்க்காது. அதனால் இந்தப் பாராட்டை அவர்களுக்கே எழுதுகிறேன்.

அவர்களுடைய கொடையுள்ளத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. சைக்கிள், சீருடை, காலணி, பாடநூல், வரைபடக் கருவிகள், பஸ் பாஸ் எல்லாம் அரசே தருகிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும், பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டே ஆண்டு. இவ்வளவு எளிதாகக் கிடைப்பதைக் கைநீட்டி வாங்க நம் பெரியோருக்கு மனம் வருவதில்லை. பிள்ளைக்கென்று ஏதாவது கொடுத்தாக வேண்டும் அவர்களுக்கு. இருக்கிற அரை ஏக்கரை விற்கச் சொல்லித் தருகிறார்கள். தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகளை அடகுக் கடைக்கு அனுப்பி வைக்கிறார்கள். நான்கு லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் இல்லாமல் வங்கியில் கல்விக்கடன் கிடைக்கும் என்ற தகவலையும் அவர்களே கொண்டுவருகிறார்கள். அந்தக் கடன் பையனின் பெயரில்தான் ஏறும். பிறந்தது முதல் தன் பெயரில் ஒரு சைக்கிள்கூட இல்லாத பிள்ளைக்கு, பதினெட்டு வயதில், அவன் பெயரிலேயே ஒரு பெரிய தொகையை எழுதி வைக்கும் மனம் வேறு யாருக்கு வரும்?

அடுத்தது அவர்களுடைய தளராத நம்பிக்கை. இதில் எனக்கும் பங்கு உண்டு. உயர்கல்வியில் சேரும் இளைஞர்களின் விகிதம் 2021-22 கணக்கில் இந்தியா முழுவதற்கும் 28 சதவீதம் அளவில் இருந்தபோது, தமிழ்நாட்டில் 47 சதவீதம். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. படிக்கவே விடாமல் வைக்கப்பட்டிருந்த குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாக ஒரு பெண் பட்டம் வாங்கி வரும் நாளில் கண் கலங்காதவர் யார்? 1984-ஆம் ஆண்டு தொடங்கித் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்ததும், எத்தனையோ வீடுகளின் கூரை ஓலையிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறியதும் உண்மை. நம் பெரியோர் கண்ணால் கண்ட அற்புதம் அது. கண்ட அற்புதத்தை அவர்கள் கைவிடவில்லை. கல்லூரிகள் நானூறைத் தாண்டின. பல கல்லூரிகளில் ஆசிரியர்கள் குறைந்தார்கள், பட்டறைகள் பூட்டிக் கிடந்தன, ஒவ்வொரு செமஸ்டரிலும் அரியர் சேர்ந்துகொண்டே போனது. அப்போதும் அவர்கள் கைவிடவில்லை. 2019-இல் சட்டமன்றச் செயலகத்தில் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், அவர்களில் எம்.டெக்., எம்.பி.ஏ. படித்தவர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு கோவை மாநகராட்சியில் 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு வந்த ஏழாயிரம் பேரில் பொறியியல் பட்டதாரிகள் இருந்தார்கள். அந்த வேலையில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் அதற்கு நான்கு வருடமும் நான்கு லட்சமும் எதற்கு என்று அந்த வரிசையில் நின்ற பிள்ளை தனக்குள் கேட்டிருக்கும். நம் பெரியோர் கேட்கவில்லை. மறு வருடம் மே மாதமும் அதே திண்ணைக்கு, அதே நம்பிக்கையோடு, அதே ஆலோசனையோடு வந்தார்கள். இந்த உறுதியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

வரலாற்றை மறக்காத குணமும் அவர்களிடம் உண்டு. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் பிள்ளைகளை அரை நாள் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் வைக்கப் பார்த்தது. தகப்பன் சிரைத்தால் மகனும் சிரைக்கட்டும், தகப்பன் வெளுத்தால் மகனும் வெளுக்கட்டும் என்ற ஏற்பாடு அது என்று தமிழகம் கொதித்தது. குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தது. மறு ஆண்டே காமராஜர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் கோபம் நூற்றுக்கு நூறு நியாயமானது. கைத்தொழில் என்ற பேச்சை எடுத்தாலே நம் வீடுகளில் ஒரு பதற்றம் வருகிறதே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பதற்றத்தை நான் மதிக்கிறேன்.

இருந்தாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். நம் நாட்டுத் தொழில்களில் எந்தச் சாதிக்கும் பரம்பரையாக எழுதி வைக்கப்படாத தொழில் ஒன்று உண்டென்றால் அது மின்வேலை. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல்தான் ஓடத் தொடங்கியது. கோவை மில்களுக்கும் கொங்கு நாட்டுக் கிணறுகளுக்கும் மின்சாரம் அதன் பிறகுதான் தாராளமாகப் போனது. ஸ்டார்ட்டரைக் கழற்றத் தெரிந்தவனிடம் அன்று யாரும் குலம் கேட்கவில்லை. கேட்டால் தண்ணீர் ஏறாது. நூல்களாலும் சாத்திரங்களாலும் தீண்டப்படாமல், யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள் என்று நமக்கு வந்து சேர்ந்த அபூர்வமான தொழில் அது. தகப்பன் தொழிலைப் பிள்ளைமேல் திணிக்கக் கூடாது என்று போராடி வென்ற நாம், பிள்ளை தானாக விரும்பிக் கேட்கும் தொழிலை அதே வீரத்தோடு தடுத்துக்கொண்டிருக்கிறோம். அன்றைக்குப் பிறப்பைப் பார்த்து மனிதனை மேல் கீழ் என்று பிரித்தார்கள். இன்றைக்கு நம் பெரியோர் கையில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்து அதே பிரிவினையைத் தொடர்கிறார்கள். முன்னோர் வைத்துப் போனதை இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றியதற்கும் அவர்களுக்கு ஒரு மாலை போட வேண்டும்.

பெரியவர்களைக் கௌரவிப்பதிலும் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. கோவை ஜி.டி. நாயுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். 1937-இல் கோவையில் உருவான, இந்தியாவின் முதல் மின் மோட்டாருக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். 1945-இல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் அமையக் காரணமாக இருந்து, அதை நடத்தும் பொறுப்பையும் ஏற்றார். பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டு காலவிரயம், இரண்டு ஆண்டு போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒப்பவில்லை, அவர் விலகிக்கொண்டார். அந்த மனிதரை நம்மவர்கள் மறந்துவிட்டார்களா? இல்லையே. அவிநாசி சாலையில் அவருக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. 2025 அக்டோபரில் அதே சாலையில் திறந்த பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவர் சொன்ன கருத்தை மட்டும்தான் எங்கும் வைக்கவில்லை. இனி ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகளை நான்காண்டுப் படிப்பில் சேர்க்க அந்தப் பாலத்தின் மேலேறித்தான் கார்கள் போகும்.

இவை எல்லாவற்றையும் விட நான் வியப்பது அவர்களுடைய துணிச்சலை.

போன மழைக்காலத்தில் எங்கள் உறவினர் வீட்டில் ஃபிரிட்ஜைத் தொட்டால் சுரீர் என்றது. வாஷிங் மெஷினைத் தொட்டாலும் அப்படியே. "பழைய ஃபிரிட்ஜ், மாத்திடலாம்" என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். ஹோல்டரில் ஒரு பல்பு, அதிலிருந்து நீளும் இரண்டு ஒயர்; அதுதான் அவருடைய டெஸ்ட் லாம்ப். பிளக் பாயிண்டில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தார், பல்பு எரிந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார், எரியவில்லை. வேறு எதையும் தொடாமல் நேராக வெளியே மீட்டர் போர்டுக்குப் போனார். சுவரோரமாக இறங்கி எர்த் குழிக்குப் போக வேண்டிய ஜி.ஐ. கம்பி, முற்றத்தில் டைல்ஸ் ஒட்டியபோது வெட்டப்பட்டு, சுவரிலேயே மொட்டையாக நின்றது. பிறகு கீசரைக் கழற்றினார். கசிவு அதன் காயிலில் இருந்தது. வீட்டிலிருக்கும் எல்லாப் பொருள்களையும் எர்த் ஒயர் ஒன்றாக இணைத்திருக்கிறது. மண்ணுக்குப் போகும் வழி அறுந்துவிட்டதால், கீசரில் கசிந்தது அந்த ஒயர் வழியாகவே ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் பரவியிருக்கிறது. காப்பாற்றப் போட்ட கம்பியே வீடு முழுக்க ஷாக்கைச் சுமந்து திரிந்திருக்கிறது. இதை அவர் ஐந்தாறு வார்த்தையில் சொல்லிவிட்டு, தோட்டத்து ஓரத்தில் குழி தோண்டி, கம்பி இறக்கி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றினார். மீண்டும் டெஸ்ட் லாம்பை வைத்தபோது பல்பு பளிச்சென்று எரிந்தது.

அந்த வீட்டுப் பிள்ளை மின்னியலில் பொறியியல் பட்டம் பெற்றவர். குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். வேலை முடியும்வரை டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார், கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். "காலேஜ்ல இத யாருமே காட்டலண்ணே" என்றார். அவர் கெட்டிக்காரர், அவர்மேல் குறையே இல்லை.

"மெயின்ல ஒரு ஆர்.சி.சி.பி. போட்டுருங்க சார். 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கட் ஆயிடும்" என்றார் எலக்ட்ரீஷியன். "அது அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். கூலியில் முந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தார். முற்றத்து டைல்ஸுக்கு அவர் சதுர அடிக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். அங்கே ஒரு ரூபாய்கூடக் குறைத்தவர் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டுக் கணக்குகளில் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் வருடத்துக்கு 12,000-க்கு மேல். எர்த் இருக்கிறதா என்று பார்க்காத வீட்டில் பேரக்குழந்தையை ஃபிரிட்ஜைத் திறக்க அனுப்பும் நெஞ்சுரத்தைப் போர்க்களத்தில்கூடக் காண்பது அரிது.

எலக்ட்ரீஷியன் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பியதும் வீட்டுக்காரர் மனமுருகிச் சொன்னார்: "நல்ல பையன். படிச்சிருந்தா எங்கயோ போயிருப்பான்."

அந்தப் பையன் படித்தவர். இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ.யில் படித்து, தேசியத் தொழிற்சான்றிதழ் வாங்கி, 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி ஒரு தொழிற்சாலையில் பழகுநராக இருந்து, கம்பியாள் தகுதிச் சான்றும் பெற்றவர். சற்றுமுன் அந்த வீட்டில் நான்கைந்து உயிர்களைக் காப்பாற்றிவிட்டுப் போனது அந்தப் படிப்புதான். அது படிப்பு என்று தெரியாத அளவுக்குப் படிப்பின்மேல் பக்தி வைத்திருக்கிறார்கள் நம் பெரியோர்.

அவர்கள் சொல்லும் பயங்கள் எதுவும் பொய் இல்லை. வெயிலில் ஏணியில் நிற்க வேண்டும். ஆடியிலும் அடைமழையிலும் கட்டட வேலை குறையும். ஒப்பந்தக்காரர் சம்பளத்தை இழுத்தடிப்பார். காப்பீடு இருக்காது. கம்பத்தில் ஏறிய ஒப்பந்தத் தொழிலாளி இறங்கி வராத செய்தி பத்திரிகையின் உள்பக்கத்தில் நான்கு வரியில் வரும். "பொண்ணு யாரு குடுப்பா?" என்ற கேள்விதான் கடைசி அஸ்திரம். இத்தனையையும் இவ்வளவு துல்லியமாக அவர்கள் எப்படித் தெரிந்து வைத்திருக்கிறார்கள்? அவர்களே செய்வதால்தான். கூலியைக் குறைப்பவர் அவர். உரிமம் பெற்ற ஆளா என்று கேட்காமல் மலிவான ஆளைத் தேடுபவர் அவர். எலக்ட்ரீஷியனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கேட்பவரும் அவர், தன் பெண்ணைக் கொடுக்க மறுப்பவரும் அவர். தானே தோண்டிய பள்ளத்தை அக்கறையோடு காட்டி எச்சரிக்கும் இந்தக் கருணைக்கு என்ன கைம்மாறு செய்வது?

அதே எலக்ட்ரீஷியன் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டால் மட்டும் அவர்கள் மனம் எவ்வளவு விரிந்துவிடுகிறது! "பையன் ஃபாரின்ல இருக்கான்" என்கிறார்கள். அங்கே என்ன வேலை என்று ஒருவரும் கேட்பதில்லை. ஜாதகம் கூடச் சீக்கிரம் பொருந்திவிடுகிறது.

பெண் பிள்ளை விஷயத்தில் இன்னும் ஒரு படி மேல். தமிழ்நாட்டு ஐ.டி.ஐ. சேர்க்கையில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. தனியாக இருக்கும் முதிய பெண்மணி, பகலில் கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் தாய் எனப் பலருக்கு ஒரு பெண் எலக்ட்ரீஷியன் வந்தால் எவ்வளவு நிம்மதி! பெண் அந்த ஆசையை வாய்விட்டுச் சொல்லும் சிரமத்தைக்கூட நம் பெரியோர் வைப்பதில்லை. அப்படி ஒரு வழி இருப்பதையே அவளிடம் சொல்வதில்லை.

ஒருமுறை ஐ.டி.ஐ. போய்விட்டால் படிப்பின் கதவு சாத்திக்கொள்ளும் என்று திண்ணையில் அடித்துச் சொல்வார்கள். கதவு சாத்தவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், மொழிப் பாடத் தேர்வுகளை எழுதித் தேறினால், பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெறலாம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோவுக்குப் பிறகு பி.இ.யிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டெஸ்ட் லாம்பைப் பிடித்த கையோடு அந்த வகுப்பில் உட்காருகிறவனுக்குக் கரும்பலகையில் வரையும் சர்க்யூட் வேறு மாதிரி புரியும். வேலைக்கும் பஞ்சமில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடு வைப்பதை இலக்காகக் கொண்டது. அவற்றை மாட்டவும், இன்வெர்ட்டரோடு இணைக்கவும், இடி மின்னலுக்கும் எர்த்துக்கும் சரியாக வழி செய்யவும் கை வேண்டும். தமிழ்நாட்டின் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ரோபோ வரைக்கும் பழக்கும் மையங்களாக அரசு மாற்றியிருப்பதும் திண்ணைக்கு இன்னும் எட்டவில்லை.

எல்லாப் பிள்ளைகளும் எலக்ட்ரீஷியன் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இயற்பியலில் மூழ்கிக் கிடக்கும் பெண்ணை இழுத்துக்கொண்டு போய் ஸ்க்ரூ டிரைவர் கொடுப்பதும் இதே அநியாயம்தான். மிக்சியைக் கழற்றும் பையனும் நாளைக்கு மனம் மாறலாம், பல்கலைக்கழகத்துக்குப் போக விரும்பலாம், போகட்டும். அவன் பேச ஆரம்பித்ததை முடிக்க விட வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். அவனுடைய பதினேழு வருடத்தில் தன் வாழ்க்கையைப் பற்றி அவனாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

பெரியோர்களே, உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த அன்பினால்தான் இவ்வளவு கொடுக்கிறீர்கள், இவ்வளவு பயப்படுகிறீர்கள், இவ்வளவு துணிகிறீர்கள். இந்த ஆண்டு சேர்க்கை விண்ணப்பம் வாங்கும் சமயத்தில், கல்லூரிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால், பையனைக் கூட்டிக்கொண்டு பக்கத்து அரசு ஐ.டி.ஐ.க்கு ஒருமுறை போய்வாருங்கள். பட்டறைக்குள் நில்லுங்கள். பயிற்றுநர் இருக்கிறாரா, மோட்டார்கள் ஓடுகின்றனவா, போன வருடம் முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். அன்றே நீங்கள் சேர்க்க நினைக்கும் கல்லூரிக்கும் போய் அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் பேசாமல் இருந்து, அவனைப் பேச விடுங்கள்.